நெடுந்தீவின் வெள்ளை மதிலும் அப்பாவின் லென்சும்

எட்டு மாத இடைவெளியில் நான் இரண்டு தடவை நெடுந்தீவுக்குப் போய் வந்தேன். முதல் தடவை படம் எடுப்பதற்காகப் போனேன். எடுத்த படங்கள் எல்லாம் பழுதாய்ப் போனதால் இரண்டாம் தடவை போனேன். பயணக் கட்டுரை என்றால் பார்த்த இடங்களைப் பற்றி எழுதுவதுதான் வழக்கம். நான் எழுதப்போவதோ பெரும்பாலும் வெளிச்சத்தைப் பற்றி.

அம்மாவின் தமக்கையாகிய என் பெரியம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. நெடுந்தீவில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கிருந்து வெளியேறி யாழ்ப்பாணம் வந்தவர். வரும்போது பெட்டியில் ஒரு போட்டோ அல்பம் கொண்டு வந்திருந்தார். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே எழுந்து நடந்த இரவில் அந்த அல்பம் வீட்டிலேயே தங்கிவிட்டது. திரும்பி வந்தபோது வீட்டுக்கு ஓடும் இல்லை, அல்பமும் இல்லை. ஆகவே நெடுந்தீவு வீட்டில் பெரியம்மா நிற்கும் படம் என்று உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. "ஒருக்கா அந்த வாசலிலை என்னை நிக்க வைச்சு எடுத்துத் தா பிள்ளை. என்ரை பேரப்பிள்ளையள் நான் எங்கை இருந்தனான் எண்டு பாக்கட்டும்" என்று அவர் கேட்டு இரண்டு வருடமாகியிருந்தது.

என்னிடம் இருந்த கமரா வெளிநாட்டிலிருக்கும் ஒன்றுவிட்ட அண்ணா பாவித்துவிட்டுத் தந்த நிக்கொன் டி3200. அதனோடு வந்த லென்சை என் சின்ன மகன் மேசையிலிருந்து தட்டி விழுத்திவிட்டான். புதிதாக ஒன்று வாங்க வசதி இல்லை. அப்போதுதான் அப்பாவின் பிஸ்கற் ரின் நினைவுக்கு வந்தது.

அப்பா யாழ்ப்பாணத்தில் சிறிய ஸ்ரூடியோ ஒன்று வைத்திருந்தவர். அடையாள அட்டைப் படமும் சாமத்தியச் சடங்குப் படமும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. தொண்ணூற்றைந்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தபோதும் கமராப் பையை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவருடைய நிக்கொன் எப்.எம். கமராவின் ஷட்டர் இப்போது இறுகிவிட்டது. ஆனால் 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று, வறுத்த அரிசி முடிச்சோடு, பழைய சாரத் துணியில் சுற்றியபடி ரின்னுக்குள் இருந்தது. ஓரத்தில் நூல் போலக் கொஞ்சம் பூஞ்சணம். மற்றபடி வளையங்கள் எண்ணெய் விட்டதுபோலத் திரும்பின. என் கமராவில் வைத்துப் பார்த்தேன். 'கிளிக்' என்று பூட்டிக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அடைந்த மகிழ்ச்சியில், கமராவின் திரையில் துவார அளவு இருக்கவேண்டிய இடத்தில் 'எப்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு வெறும் கோடுகள் நின்றதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

முதல் பயணம் ஆடி மாதத்தில். யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் விடியவே பஸ் ஏறினோம். பண்ணைக் கடலைத் தாண்டி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று தீவுகளைக் கோத்துக்கொண்டு போகும் வீதி புங்குடுதீவில் குறிகட்டுவான் இறங்குதுறையோடு முடிந்துவிடும். அங்கிருந்து நயினாதீவுக்கு ஒரு பக்கம், நெடுந்தீவுக்கு ஒரு பக்கம் என்று படகுகள் பிரியும். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். சோளகக் காற்று படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. குமுதினிப் படகில் 1985 மே 15ஆம் திகதி நடந்த கொலைகளைத் தீவார் எவரும் மறந்ததில்லை. பெரியம்மா அந்த ஒரு மணி நேரமும் முந்தானையால் வாயை மூடியபடி, எதுவும் கதைக்காமல் இருந்தார். கடல் அலைச்சல்தான் காரணமோ என்று நான் கேட்கவில்லை.

இறங்கியதும் கண்ணில் அறைவது வெள்ளை. வேறு ஊர்களில் வேலிக்குக் கிடுகும் பனைமட்டையும் என்றால் நெடுந்தீவில் பவளக்கல். கடல் தந்த கற்களைச் சாந்தும் சுண்ணாம்பும் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மதில்கள் ஒழுங்கைக்கு ஒழுங்கை நீளும். காற்று அந்தக் கற்களின் இடுக்கால் புகுந்து போகும். அதனால்தான் இவ்வளவு காற்றுக்கும் மதில் விழாமல் நிற்கிறது என்று ஓட்டோ ஓட்டி வந்த தம்பி சொன்னார். வெயில் ஏற ஏற மதிலும் தரையும் ஒளியைத் திருப்பி எறியும். கண்ணைச் சுருக்காமல் நடக்க முடியாது.

பெரியம்மாவின் வீட்டுக்குக் கூரை இல்லை. முகப்புச் சுவரும் வாசல் நிலையும் நின்றன. சுவரின் ஒரு மூலையில் ஆலங்கன்று ஒன்று வேர்விட்டுக் கல்லைப் பிளந்திருந்தது. இன்னும் இரண்டு மாரி தாங்குமோ தெரியாது. அப்போது பகல் பதினொரு மணி இருக்கும். பெரியம்மா வாசல் நிலைக்குள், நிழலில் போய் நின்றார். நான் முற்றத்தில் வெயிலில் நின்றேன்.

இந்தக் கமராவில் அந்த லென்சைப் போட்டால் வெளிச்சம் அளக்கும் மீற்றர் வேலை செய்யாது என்பது எனக்கு முதல்நாளே தெரிந்திருந்தது. கையால் எல்லாவற்றையும் வைக்கும் 'எம்' நிலையைத் தவிர வேறு எதிலும் ஷட்டர் விழாது. பரவாயில்லை, அப்பாவின் கொப்பி இருக்கிறதுதானே என்று நினைத்தேன். அதில் அவர் முத்துமுத்தாக எழுதியிருந்தார்: நல்ல வெயிலில் பிலிம் 100 என்றால் துவாரம் எப் 16, வேகம் 1/125 செக்கன். நான் ஐ.எஸ்.ஓ. 200இல் இருந்தேன். கணக்குப் போட்டு எப் 8, 1/800 என்று வைத்து எடுத்தேன். கமராவின் திரையைப் பார்த்தேன். வெயிலின் கண்கூச்சத்தில் மதில் தெரிந்தது, சேலை தெரிந்தது. சரிதான் என்று நினைத்து இருபது படம் எடுத்தேன். பிறகு ஒரு சந்தேகத்தில் துவாரத்தை அகலத் திறந்து இன்னும் பத்து.

வீட்டுக்கு வந்து கணினியில் போட்டபோதுதான் விளங்கியது. முதல் இருபதிலும் சுவர் கல்லுக்குக் கல் அழகாக இருந்தது. வாசலுக்குள் ஒரு கறுப்பு உருவம். பிந்திய பத்தில் முகம் ஓரளவு தெரிந்தது. ஆனால் சுவரும் வானமும் ஒன்றாகிப் பால் ஊற்றியதுபோல வெறும் வெள்ளை. கணினியில் முகத்தை வெளிச்சமாக்கிப் பார்த்தேன். சாம்பல் பூசியதுபோலப் புள்ளி புள்ளியாக வந்தது. பெரியம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "மதில் வடிவா வந்திருக்குப் பிள்ளை. நான்தான் கரிச்சட்டி மாதிரி நிக்கிறன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுபத்தெட்டு வயதில், சோளகக் கடலில், ஒரு கரிச்சட்டிப் படத்துக்காக அவரைக் கொண்டுபோய் வந்திருக்கிறேன்.

பிழை கொப்பியில் இல்லை. அப்பா எழுதியது வெயிலில் நிற்கும் ஆளுக்கு. பெரியம்மா நின்றதோ நிழலில். படப்பிடிப்பில் வெளிச்சத்தைப் 'படி' கணக்கில் சொல்வார்கள். ஒரு படி என்றால் இரண்டு மடங்கு. நல்ல வெயிலுக்கும் திறந்த வாசல் நிழலுக்கும் மூன்று நான்கு படி வித்தியாசம் வரும். அதாவது முகத்தில் விழுந்த வெளிச்சம் சுவரில் விழுந்ததில் எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று. எமது கண் இரண்டையும் சமாளித்துப் பார்த்துவிடுகிறது. கமராவால் அப்படி முடிவதில்லை.

அப்பாவின் கொப்பியில் இன்னொரு வரியும் இருந்தது: 'நிழலுக்கு அள, வெளிச்சம் தன்னைப் பார்த்துக்கொள்ளும்.' நெகற்றிவ் பிலிமுக்கு அது சரி. கொஞ்சம் கூடுதலாக வெளிச்சம் பட்டாலும் நெகற்றிவ் பொறுத்துக்கொள்ளும், அச்சிடும்போது மீட்கலாம். டிஜிற்றல் கமராவில் வெள்ளை ஒரு எல்லையைத் தாண்டினால் அதற்குள் எதுவுமே இருக்காது. எந்தக் கணினியாலும் அதை மீட்க முடியாது. நான் பிந்திய பத்துப் படத்தில் செய்தது இதைத்தான். அப்பாவின் பேச்சைத் தட்டுகிறோமே என்று முதலில் சங்கடப்பட்டேன். பிறகு அவர் கையில் இந்தக் கமரா கிடைத்திருந்தால் அவரே அந்த வரியை வெட்டியிருப்பார் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

இதை வாசிக்கும் சகோதரிகள் சிலரின் அலுமாரியிலும் அப்பாவினதோ மாமாவினதோ பழைய லென்ஸ் ஒன்று கிடக்கக்கூடும் என்பதால், நான் விசாரித்து அறிந்ததைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1977இலிருந்து நிக்கொன் செய்த 'ஏ.ஐ.' வகை லென்சுகளில் துவார வளையத்தின் பின்புறம் ஒரு விளிம்பு இருக்கும். துவாரம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அது கமராவின் வாயிலிருக்கும் சிறு நெம்புக்குத் தொட்டுச் சொல்லும். விலை குறைந்த சிறிய டிஜிற்றல் கமராக்களில் அந்த நெம்பு இல்லை. லென்சிலோ மின் தொடுமுனைகள் இல்லை. ஊமையும் செவிடும் சந்தித்த கதைதான். ஆகவே மீற்றர் உறங்கிவிடுகிறது. அதே நிறுவனத்தின் டி200, டி7000 போன்றவற்றில் நெம்பு உண்டு. லென்சின் குவியத் தூரத்தையும் ஆகக் கூடிய துவாரத்தையும் பட்டியலில் பதிந்துவிட்டால் மீற்றர் ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் 1977க்கு முந்திய, மாற்றம் செய்யப்படாத லென்சை அந்தக் கமராக்களில் பூட்டினால் நெம்பு உடையலாம், கவனம். பென்ராக்ஸ் டிஜிற்றல் கமராவில் அவர்களுடைய பழைய லென்சைப் போட்டால் 'எம்' நிலையில் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். துவாரம் ஒரு கணம் மூடி, கமரா அளந்து, வேகத்தைத் தானே வைக்கும். அதற்கு முதல், துவார வளையத்தைப் பாவிக்கலாம் என்று பட்டியலில் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். கனொனில் இடை வளையம் பூட்டிப் பாவிப்பவர்கள் துவாரத்தைக் கையால் மூடிவிட்டு அளக்கிறார்கள். துவாரம் சிறுக்கச் சிறுக்க அந்த அளவு பிழைப்பதுண்டு. கண்ணாடி இல்லாத புதிய வகைக் கமராக்கள் படம் பதியும் தகட்டிலேயே அளப்பதால் அவற்றில் இந்தத் தொல்லை குறைவு.

என் கமராவுக்கு இவை எதுவும் பொருந்தாது. வெளிச்சத்தை வெளியே நின்று அளக்க ஏதாவது வேண்டும். மறுபடியும் பிஸ்கற் ரின்தான். அதன் அடியில் செக்கோனிக் கைமீற்றர் ஒன்று இருந்தது. சின்ன வயதில் நான் அதை மணிக்கூடு என்று நினைத்து விளையாடி அடி வாங்கியிருக்கிறேன். செலீனியம் என்ற பொருள் வெளிச்சம் பட்டவுடன் தானே மின்சாரம் உண்டாக்கும். அதனால் அதற்குப் பற்றரியே வேண்டாம். மேலே பிங்பொங் பந்தைப் பாதியாக வெட்டியதுபோல வெள்ளைக் குமிழி. முப்பது வருடம் கிடந்த பின்பும் யன்னலுக்கு நீட்டியதும் முள் அசைந்தது. அப்பாவின் சுவாசம் ஒன்று ரின்னுக்குள் மிச்சமிருந்ததுபோல இருந்தது.

என்றாலும் செலீனியம் வயது போகப் போகக் களைத்துவிடும். நம்புவதற்கு முன் சோதிக்க வேண்டும். முகில் இல்லாத உச்சி வெயிலில் குமிழியைச் சூரியனை நோக்கிப் பிடித்தால் 100க்கு எப் 16, 1/125 கிட்ட வரவேண்டும். என்னுடையது ஒரு படி குறைத்துக் காட்டியது. விறாந்தையிலும் அறைக்குள்ளும் வைத்து, தங்கச்சியின் கைத்தொலைபேசியிலுள்ள வெளிச்சமானிச் செயலியோடு ஒப்பிட்டேன். அங்கும் ஏறத்தாழ அதே ஒரு படிதான். எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் பிழைக்கும் கருவி நல்ல கருவிதான். அது சொல்வதோடு ஒரு படி கூட்டிக்கொண்டால் முடிந்தது. மனிதரிலும் அப்படிச் சிலர் இருக்கிறார்கள்.

இந்தக் குமிழியின் அருமை என்னவென்றால், அது பொருளைப் பார்ப்பதில்லை, பொருளின்மேல் விழும் வெளிச்சத்தைப் பார்க்கிறது. கமராவுக்குள் இருக்கும் மீற்றர் பொருளிலிருந்து திரும்பி வரும் ஒளியை அளக்கிறது. வெள்ளைச் சேலையா, கறுப்புக் குடையா என்று அதற்குத் தெரியாது. எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே வெள்ளை மதில் நிறைந்த படத்தை இருட்டாக்கிவிடும். நல்ல மீற்றர் உள்ள கமராவைக் கொண்டுபோயிருந்தாலும், அதன் சொல்லை அப்படியே கேட்டிருந்தால், பெரியம்மா கரிச்சட்டியாகவே நின்றிருப்பார். இது விளங்கிய பிறகுதான் என் கமராமேல் இருந்த கோபம் தீர்ந்தது.

பங்குனியில் கடல் எண்ணெய்போலக் கிடந்தது. "இன்னொருக்காப் போவமோ பெரியம்மா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இந்தமுறை எனக்கு வெள்ளைச் சேலையோ கறுத்தச் சேலையோ எண்டு முதலே சொல்லு" என்றார். "எதெண்டாலும் பரவாயில்லை" என்றேன். அவசரம் வேண்டாம் என்று ஒரு இரவு தங்குவதாகவே போனோம். பெரியம்மாவின் மச்சாள் ஒருவர் இன்னும் தீவில் இருக்கிறார்.

அன்று பகலில் பெரியம்மாவை மச்சாளோடு கதைக்க விட்டுவிட்டு நான் பயிற்சிக்குப் புறப்பட்டேன். ஒல்லாந்தர் கோட்டை என்று சொல்லப்படும் இடிபாட்டில் தொடங்கி, தெற்கே குதிரைகள் மேயும் வெளிவரை போனேன். ஐரோப்பியர் காலத்தில் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை, இப்போது யாருக்கும் சொந்தமில்லாமல் திரிகின்றன. கட்டையான, கபில நிறக் குதிரைகள். பளீரென்ற வெளியில் அவை தூரத்தில் கறுப்பாகவே தெரியும். வேறு நாளென்றால் இதற்கு எவ்வளவு வைப்பது என்று மண்டையைப் போட்டு உடைத்திருப்பேன். குமிழியை வெயிலில் பிடித்தேன். காலையில் மதிலுக்குச் சொன்ன அதே எண்ணைத்தான் குதிரைக்கும் சொன்னது. சூரியன் ஒன்றுதானே. எப் 8, 1/800. தரை அதிகம் மினுங்கியதால் அரைப்படி குறைத்துக்கொண்டேன். மதில் வெள்ளையாகவே வந்தது, குதிரை கபிலமாகவே வந்தது.

பெருக்கமரத்தடியில் கொஞ்சம் தடுமாறினேன். அடிமரம் குடைந்து, உள்ளே ஆள் போய் நிற்கக்கூடிய மரம் அது. வெளியே பாடசாலைப் பிள்ளைகள் சிலர் சத்தம்போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே குகைபோல இருட்டு. குமிழியை உள்ளே கொண்டுபோய்ப் பிடித்தால் முள் எழும்பவே இல்லை. குறைந்த வெளிச்சத்தில் செலீனியம் இப்படித்தான், அதற்கு வயது காரணமில்லை. ஐ.எஸ்.ஓ. 800, எப் 2.8, 1/60 என்று ஊகித்து ஒன்று எடுத்து, கமராவிலுள்ள ஹிஸ்டோகிராம் என்ற வரைபடத்தைப் பார்த்தேன். மலைபோல இருக்கும் அந்தக் கோடு இடப்பக்கச் சுவரில் குவிந்தால் இருட்டு கூடிவிட்டது. வலப்பக்கச் சுவரில் முட்டினால் வெள்ளை தொலைந்துவிட்டது. வெயிலில் கமராவின் திரை பொய் சொல்லும், இந்தக் கோடு பொய் சொல்லாது. மூன்றாவது படத்தில் சரிவந்தது. மீற்றரே இல்லாதவர்கள் இந்தக் கோட்டை வைத்தே காலம் தள்ளலாம். ஆனால் ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் இரண்டு மூன்று படம் பழுதாகும். பெரியம்மாவின் முகத்தில் அந்தப் பரிசோதனையைச் செய்ய எனக்கு மனமில்லை.

மாலை நாலரைக்கு வீட்டு முற்றத்துக்குப் போனோம். வாசல் கிழக்கைப் பார்த்தது. சூரியன் இப்போது வீட்டுக்குப் பின்னால். முகப்புச் சுவரும் நிழல், வாசலும் நிழல். சுவரையும் முகத்தையும் சண்டைபிடிக்க வைத்த அந்தப் பதினொரு மணி வெயில் இல்லை. முற்றத்துக்கு அப்பால் கிழக்குப்பக்க மதிலில் மாத்திரம் சாய்வெயில் முழுதாக விழுந்தது. அந்த வெள்ளைக் கல் வெளிச்சத்தை வாங்கி அப்படியே வாசலுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஸ்ரூடியோவில் அப்பா பெண்பிள்ளைகளின் முகத்துக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி கட்டிய சட்டமொன்றைப் பிடிக்கச் சொல்லுவார். பிடித்துக் கை நோவது எனக்குத்தான். இங்கே ஒரு மதில் முழுவதும் எங்களுக்காக அந்த வேலையைச் செய்தது. முதல் பயணத்தில் என் எதிரியாய் நின்றது இந்த வெள்ளைதான்.

பெரியம்மாவின் நாடிக்குக் கிட்ட குமிழியை வைத்து, கமராவின் பக்கம் திருப்பிப் பிடித்தேன். "இதென்ன, காய்ச்சல் பாக்கிறியோ?" என்றார். ஒரு படி கூட்டிக் கணக்குப் பார்த்தேன். ஐ.எஸ்.ஓ. 200, எப் 4, 1/200. துவார வளையத்தை 4இல் வைத்தேன். குவியம் பார்க்கும் சிறு கண்ணாடிக்குள் அந்த வயதான கண்கள் தெளிந்து வந்தன. கீழே பச்சைப் புள்ளி எரிந்தது. வெளிச்சம் அளக்க மறுத்த கமரா, குவியம் சரி என்று மட்டும் சொல்கிறது. அதுவும் ஒரு உதவிதான்.

பெரியம்மா நிலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். கை போன இடத்தில் மரம் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. முப்பது வருடத்துக்கு முதல் அவர் அங்கேதான் கை வைப்பவர்போலும். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆறு படம் எடுத்தேன். ஆறோடு நிறுத்தினேன்.

வரைபடத்தைப் பார்த்தேன். கோடு இரண்டு பக்கச் சுவரிலும் முட்டாமல் நடுவில் அமர்ந்திருந்தது. எடுத்தவற்றை இந்தமுறை 'ரோ' என்ற முழுமையான வடிவிலும் பதிந்து வைத்தேன். பிறகு ஏதும் சிறிது கூட்டிக் குறைக்க அது இடம் தரும். அப்படி ஒன்றும் தேவைப்படவில்லை.

யாழ்ப்பாணத்தில் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தை யன்னலடிக்குக் கொண்டுபோனார். நெற்றித் திருநீறு, கழுத்துச் சுருக்கம், கல்லின் இடுக்கில் முளைத்த ஆலங்கன்று எல்லாம் தெரிந்தன. அப்பாவின் லென்சிலிருந்த பூஞ்சணம் ஓரத்தில் ஒரு மெல்லிய புகைபோல விழுந்திருந்தது. அதை நான் சொல்லவில்லை, அவர் கவனிக்கவுமில்லை. விரலால் நிலையைத் தடவினார். பிறகு படத்தின் விளிம்போடு விரலை வலது பக்கமாகக் கொண்டுபோய், படத்துக்கு வெளியே மேசையில் நிறுத்தினார்.

"இஞ்சைதான் படலை. அது விழேல்லையே பிள்ளை?"

50 மில்லிமீற்றர் லென்ஸ் என்னுடைய சிறிய தகட்டுக் கமராவில் 75போல ஒடுக்கமாகத்தான் பார்க்கும் என்று விளக்க வெளிக்கிட்டேன். அவர் கேட்கவில்லை. நாட்காட்டியைக் கழற்றி, வைகாசித் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.